பேசாமல் மாற்றிய ஷிப்ட்

பதினான்கு மாதம் நான் என் தங்கை புருஷனோடு பேசவில்லை. ஒரே ஆலை, ஒரே பம்ப் ஹவுஸ், ஒரே மேஜை, ஒரே நாற்காலி. அவர் எழுந்தால் நான் உட்காருவேன், நான் எழுந்தால் அவர் உட்காருவார். ஆனாலும் ஒரு வார்த்தை கிடையாது. இதை எழுதும்போது என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. நான் செய்ததுதான் நியாயம், என் இடத்தில் எவன் இருந்தாலும் இதைத்தான் செய்வான் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

காரணம் ஒரு பத்திரிகை. தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், நான்தான் ஒரே தாய்மாமன். பத்திரிகை வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மகன்கள் ஏழு பேரின் பெயரும் வரிசையாக இருந்தது. என் பெயர் இல்லை. பிரஸ்காரன் ஒரு வரியை விட்டுவிட்டான், நாங்கள் கவனிக்கவில்லை என்று மாப்பிள்ளையே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். ஏழு பேரைக் கவனித்தவருக்கு இந்த ஒருத்தனைக் கவனிக்க முடியவில்லையா என்று கேட்டேன். பத்திரிகையை அவர் முன்னாலேயே கிழித்தேன். சீர்த்தட்டுக்கு வாங்கி வைத்திருந்த பட்டுப்பாவாடையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அம்மா மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தாள். பிள்ளையை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார வைத்தார்களாம். அன்றோடு சரி, பேச்சு நின்றது.

வீட்டில் பேசாமல் இருந்தால் அது குடும்ப விஷயம். நாங்கள் வேலை பார்த்த இடம் அப்படிப்பட்டது அல்ல. கொள்ளிடம் தாண்டி, திருவெள்ளறைப் பக்கம் வயலுக்கு நடுவே இருக்கும் தவிட்டு எண்ணெய் ஆலை அது. தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க அதை ஹெக்சேன் என்ற திரவத்தில் ஊற வைப்பார்கள். நாங்கள் எல்லோரும் அதை சால்வென்ட் என்போம். பெட்ரோல் வாடை அடிக்கும், பெட்ரோலைவிட வேகமாகப் பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஒரு பொறி கிடைத்தால் போதும். அதனால் உள்ளே போகும்போது கேட்டில் போன், வாட்ச், லைட்டர் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். மரப்பெட்டியில் ஆளுக்கு ஒரு அறை இருக்கும், டோக்கன் தருவார்கள். நைலான் சட்டை கூடாது, பருத்திதான். ஸ்பேனர்கூட பித்தளை.

அங்கே எங்கள் பொறுப்பு ஒரு பம்ப். தரைக்கடியில் இருக்கும் டேங்கிலிருந்து சால்வென்டை இழுத்து ஆலைக்குத் தள்ளும். சுற்றும் தண்டு பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் மெக்கானிக்கல் சீல் என்று ஒன்று உண்டு. இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுற்றும். நடுவில் சால்வென்ட் இருக்கும் வரை அது குளிர்ச்சியாக இருக்கும். டேங்க் காலியாகி பம்ப் வெறுமனே சுற்றினால், இரண்டே நிமிடத்தில் அந்த வளையம் கொதித்துப்போய் வெடிக்கும். வெடித்த வழியாக ஆவி வெளியே வரும். வெளியே வரும் இடத்திலேயே நெருப்பாகச் சுடும் இரும்பும் இருக்கும். மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகத்தான் ட்ரிப் வைத்திருந்தார்கள். பம்ப்புக்கு வரும் குழாயில் சால்வென்ட் இல்லை என்றால் ஒரு சென்சார் உணர்ந்து மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும். இது இருக்கிற தைரியத்தில் நாங்கள் யாரும் டேங்கை அடிக்கடி பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பித்தளைக் கோலை விட்டு ஆழம் பார்த்து எழுதுவோம், அவ்வளவுதான். காலியானால் ட்ரிப் ஆகும், ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே வேலை நடந்த விதம்.

ஷிப்ட் மாற்றுவதற்கு என்று ஒரு முறை இருந்தது. போகிறவர், வருகிறவரை அழைத்துக்கொண்டு பம்ப்பையும் டேங்கையும் சுற்றி நடந்து, இது இப்படி இருக்கிறது, அது அப்படி இருக்கிறது என்று வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகுதான் இருவரும் லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் மாப்பிள்ளையும் பதினான்கு மாதமாக நடக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் எழுதியதை அவர் படிப்பார், நான் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கையெழுத்து மட்டும் பக்கத்தில் பக்கத்தில் விழும். ஆலையில் எல்லோருக்கும் இது தெரியும். சிரித்துக்கொண்டார்களே தவிர ஒருத்தரும் கேட்கவில்லை.

வைகுண்ட ஏகாதசி அன்று எனக்கு ராத்திரி ஷிப்ட், காலை ஆறு மணிக்கு முடியும். முடிந்ததும் ஓடிப் போய் அம்மாவை சொர்க்கவாசல் வரிசையில் நிறுத்த வேண்டும். ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்துகொண்டு மூன்று வருஷமாக அவளால் சொர்க்கவாசல் தாண்ட முடியவில்லை. ஒரு வருஷம் முழங்கால், ஒரு வருஷம் காய்ச்சல், போன வருஷம் என் ஷிப்ட். இந்தத் தடவை தப்பக் கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

அன்றைக்கென்று பார்த்து அந்த சென்சார் வம்பு செய்தது. டேங்கில் சால்வென்ட் இருக்கும்போதே இல்லை இல்லை என்று பம்ப்பை நிறுத்தியது. நின்றால் நூறு அடி தள்ளியிருக்கும் பேனல் ரூமுக்குப் போய் பட்டனை அழுத்தி வர வேண்டும். நாலு தடவை ஓடினேன். ஐந்தாவது தடவை, ஐந்து மணி வாக்கில், எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பேனலைத் திறந்து, சென்சார் ஒயர் வந்து சேரும் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சாண் ஒயரை வைத்து முறுக்கினேன். இதை ஜம்பர் என்போம். ஜம்பர் போட்டுவிட்டால் டேங்க் வற்றினாலும் ட்ரிப் ஆகாது. பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். போகும்போது எடுத்துவிடலாம் என்றுதான் போட்டேன்.

எடுக்கவில்லை. மறந்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. ஆறு மணிக்கு மாப்பிள்ளை உள்ளே வந்தபோது எனக்கு அது ஞாபகம் இருந்தது. எழுந்து பேனல் ரூமுக்குப் போனால், ஏன் இந்த நேரத்தில் போகிறான் என்று பார்ப்பார். ஜம்பர் போட்டது தெரிந்தால் அந்த நிமிடமே வேலை போகும், அது அந்த ஆலைச் சட்டம். லாக் புக்கிலும் எழுத முடியாது. வேறு எவனாக இருந்தாலும் காதோடு காதாக, "ட்ரிப் கட்டியிருக்கு, தானா நிக்காது, கொஞ்சம் பாத்துக்கப்பா, ரெண்டு மணிக்கு நானே வந்து எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இவரிடம் நானாக முதலில் வாய் திறப்பதா? எட்டு மணிக்கு டேங்கர் லாரி வந்துவிடும், டேங்க் நிறைந்துவிடும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'ஆழம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், டேங்கர் எட்டு மணிக்கு' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். வந்துவிட்டேன்.

ஏழேகாலுக்கெல்லாம் அம்மாவும் நானும் வரிசையில் நின்றோம். கோயிலுக்கு வெளியே வீதியிலேயே இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டைகளைக் கட்டி வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். முன்னால் தலை, பின்னால் தலை. நகர்ந்தால் நாலு அடி, நின்றால் இருபது நிமிடம். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகம் மலர நின்றாள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது.

எட்டு நாற்பதுக்கு போன் அடித்தது. டேங்கர் டிரைவர். வழக்கமாக லாரியிலிருந்து சால்வென்ட் இறக்குவது நான் என்பதால் என் நம்பர்தான் அவரிடம் இருக்கும்.

"அண்ணே, டோல்கேட்டுல வண்டிய ஓரங்கட்டிட்டாங்க. திருவிழாக் கூட்டமாம், கனரக வண்டி சாயங்காலம்தான் விடுவாங்களாம். கம்பெனியில சொல்லிடுங்க. நான் தூங்கப் போறேன்."

போனை வைத்துவிட்டார். தூக்கமாவது ஒன்றாவது! ஆறு மணிக்கு நாற்பத்தைந்து. மணிக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கும். குழாயின் வாய் அடியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்பதரைக்கு சால்வென்ட் மட்டம் குழாயை விட்டுக் கீழே போய்விடும். மாப்பிள்ளை எட்டு மணிக்குக் கோலை விட்டுப் பார்த்திருப்பார், மறுபடி பார்ப்பது பத்து மணிக்கு. நடுவில் ட்ரிப் இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அந்த பம்ப்பிலிருந்து அவர் நாற்காலி பன்னிரண்டு அடி.

அவரைக் கூப்பிட வழி இல்லை. அவர் போன் கேட்டில் மரப்பெட்டிக்குள் கிடக்கும். ஆபீஸ் போனை எடுக்க ஆள் இல்லை, உள்ளூர் விடுமுறை. மேனேஜர் நம்பரை எடுத்தேன், கட்டைவிரல் அங்கேயே நின்றது. அவரிடம் என்ன சொல்வேன்? கேட் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். போகவில்லை. லட்சம் பேர் நிற்கிற இடத்தில் டவர் எங்கே கிடைக்கும்? திரும்ப அடித்தேன், திரும்ப அடித்தேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை எடுத்தார்.

"அய்யா, உள்ள பம்ப் ஹவுஸ்ல எங்க மாப்ள இருக்காரு. உடனே போயி சால்வென்ட் பம்ப்ப நிறுத்தச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"என்னப்பா அதிசயம்! நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்க மாட்டீங்களே?"

"அய்யா, உங்களைக் கும்புடறேன், போங்க."

"ஏன் நிறுத்தணும்னு கேட்டா என்ன சொல்றது?"

இந்த இடத்தில்தான் நான் நாசமாய்ப் போனேன். "டேங்கர் வராது, அதான்" என்றேன். ஜம்பரைச் சொல்லவில்லை. வாட்ச்மேனிடம் சொன்னால் ஆலை முழுக்கச் சொன்ன மாதிரி. பம்ப் நின்றுவிட்டால் போதும், சாயங்காலம் போய் ஒயரை உருவிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. ஒரு மனுஷன் உயிர் பக்கத்தில் நெருப்பு உட்கார்ந்திருக்கிறது, நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்!

ஒன்பது ஐந்துக்கு வாட்ச்மேனே கூப்பிட்டார்.

"சொன்னேன்பா. உங்க மாப்ள ஒத்துக்கல. டேங்கர் வரலன்னா ட்ரிப் ஆகித் தானா நிக்கும், எனக்கு ஆர்டர் போட அவரு யாரு, ஏதாவது சொல்லணும்னா லாக் புக்குல எழுதிட்டுப் போயிருக்கணும்னு சொல்லிட்டாரு. முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அய்யா, ட்ரிப் ஆகாது! நான் ஜம்பர் போட்டிருக்கேன்! அய்யா!"

போன் எப்போதோ கட்டாகியிருந்தது. நான் காற்றிடம் கத்திக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தேன். போகவில்லை. பின்னால் நின்றவர் "சாமி பேர் சொல்ற இடத்துல என்னங்க சத்தம்" என்றார். அவர் மேல் பாய்ந்துவிட்டேன். "உங்க வேலையப் பாருங்க" என்று நான் கத்தியதில் முன்னால் பத்து பேர் திரும்பினார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்கு பம்ப்பும் தெரியாது, ஜம்பரும் தெரியாது. மாப்பிள்ளைக்கு ஆபத்து என்பது மட்டும் என் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

சொன்னேன். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"தங்கச்சிக்குப் போன் போடு," என்றாள். "போடுடா!"

தங்கை வீடு திருவெள்ளறையில். ஸ்கூட்டியில் கிளம்பினால் ஆலைக்கு எட்டு நிமிடம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். அவள் நம்பரை நான் பதினான்கு மாதமாகத் தொடவில்லை. அடித்தேன். பாழாய்ப்போன டவர் அதற்கு மட்டும் முதல் தடவையே கிடைத்தது.

"அண்ணா!" என்றாள் எடுத்ததும். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எனக்குத் தெரியும்ணா, நல்ல நாளும் அதுவுமா நீ கூப்பிடுவேன்னு நேத்துகூட அவருகிட்ட சொன்னேன். பாப்பா, மாமாடி, மாமா போன்ல! இரு, அவகிட்ட குடுக்குறேன்..."

"பாப்பாகிட்ட குடுக்காத. நான் சொல்றதக் கேளு. ஸ்கூட்டிய எடு. ஆலை கேட்டுக்குப் போ. பம்ப் ட்ரிப் ஆகாது, உங்கண்ணன் ஜம்பர் போட்டுட்டான், பம்ப் பக்கத்துல போகவே வேணாம், பேனல் ரூம்ல மெயின் ஸ்விட்ச்ச இறக்குன்னு வாட்ச்மேன விட்டு உள்ள சொல்லச் சொல்லு. இதை அப்படியே சொல்லணும். ஒரு எழுத்து விடக் கூடாது."

"பாப்பாவ எங்க விடுறது?" என்றாள். பக்கத்து வீட்டில் விடு, ஓடு என்றேன். போன் எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளை அழுகிற சத்தமும், கேட் திறக்கிற சத்தமும் கேட்டது. அப்போது மணி ஒன்பது இருபது.

நான் வரிசையிலிருந்து வெளியே வர வேண்டும். எங்கே வருவது? கட்டைகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தால் அடுத்த வரிசை, அதற்கப்பால் இன்னொரு வரிசை. அம்மா என்னைத் தள்ளினாள். "நீ போ. நான் இவங்களோட போயிக்கிறேன், எனக்கு வழி தெரியாதா?" என்றாள். முன்னால் நின்ற ஒரு அம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டைக்குக் கீழே தவழ்ந்தேன். சட்டை கிழிந்தது. யார் காலையோ மிதித்தேன், யாரோ என் முதுகில் குத்தினார்கள். எல்லோரும் "ரெங்கா! ரெங்கா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன், பக்தியில் அல்ல. ஸ்ரீரங்கம் முழுக்க அன்றைக்குத் தண்டனை கொடுப்பதற்கென்றே என்னைச் சுற்றி நின்ற மாதிரி இருந்தது.

கடைசிக் கட்டையைத் தாண்டும்போது ஒன்பது முப்பத்தைந்து. வண்டியை விட்ட இடம் அரைக் கிலோமீட்டர். ஓடினேன். பாதி ஓட்டத்தில் போன் அடித்தது. வாட்ச்மேன்.

எடுத்தேன். பின்னால் சைரன் கேட்டது. ஒரு பெண் கத்துகிற சத்தமும் கேட்டது. அது யார் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை அவர் பிறகு முழுக்கச் சொன்னார். தங்கை ஒன்பது இருபத்தொன்பதுக்குக் கேட்டுக்கு வந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து, காலில் செருப்பு இல்லாமல் வந்து நின்று, நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். வாட்ச்மேன் உள்ளே ஓடினார். அவருக்கு அறுபது வயது. அவரால் முடிந்த ஓட்டம் அவ்வளவுதான். அவர் பம்ப் ஹவுஸ் வாசலுக்குப் போகும்போது நாற்காலி காலி.

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. வாட்ச்மேனைத் திருப்பி அனுப்பினாரே தவிர, பதினான்கு மாதம் பேசாதவன் இன்று ஏன் ஆள் விட்டுச் சொல்கிறான் என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. பத்து மணி வரை காத்திராமல், பித்தளைக் கோலை எடுத்துக்கொண்டு டேங்கைப் பார்க்கப் போனார். கோலில் பத்து சென்டிமீட்டர்கூட நனையவில்லை. அப்போது பம்ப்பின் சத்தம் மாறியது. ட்ரிப் ஆக வேண்டியது ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நல்ல ஆபரேட்டர் எவனும் செய்வதைச் செய்தார். பம்ப்பை ஒட்டி இருக்கும் ஸ்டாப் பட்டனை நோக்கி ஓடி, குனிந்து அதை அழுத்தினார். அழுத்திய கை அங்கே இருக்கும்போதே சீல் வெடித்து அவர் முகத்துக்கு நேரே தீ எழுந்தது.

பம்ப் நின்றுவிட்டதால் தீ பெரிதாகவில்லை. வாட்ச்மேன்தான் நுரை அடித்தார். மாப்பிள்ளையை வெளியே இழுத்துப் போட்டார். இழுக்கும்போதும் மாப்பிள்ளை, "வால்வை மூடுங்க, வால்வை மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இதை எத்தனை தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஒரே பதில்தான் வருகிறது. நான் போனே செய்யாமல் இருந்திருந்தால் அவர் நாற்காலியிலேயே இருந்திருப்பார். தீயைப் பார்த்ததும் வெளியே ஓடியிருப்பார். முழுக்கச் சொல்லியிருந்தால், பேனல் ரூமில் ஸ்விட்சை இறக்கிவிட்டு நின்றிருப்பார். நான் பாதி சொன்னேன். அந்தப் பாதிதான் அவரை பம்ப்பிடம் கூட்டிக்கொண்டு போனது.

திருச்சியில் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு உள்ளே விட சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. முகத்தில் இடது பக்கம் முழுக்க மருந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். வலது கண் மட்டும் தெரிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, கைவிரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தங்கை கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சைரன் கேட்டு வெறுங்காலோடு ஆலைக்குள் ஓடியதில் உள்ளங்கால் முழுக்கக் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை, வா என்றுகூடச் சொல்லவில்லை. நான் கால்மாட்டில் போய் நின்றேன்.

மேனேஜர் நோட்டோடு வந்திருந்தார். பேனலைத் திறந்து பார்த்துவிட்டார்கள், ஜம்பர் அப்படியே இருந்தது. யார் போட்டது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அவர் கேட்டது வேறு. ஷிப்ட் மாற்றும்போது நான் இதைச் சொன்னேனா இல்லையா என்றுதான் மாப்பிள்ளையிடம் கேட்டார். சொல்லியிருந்தால் கவனிக்காதது அவர் தப்பு. சொல்லாமல் போயிருந்தால் என் கதை முடிந்தது, வேலையோடு நிற்காது, போலீஸ் வரை போகும்.

மாப்பிள்ளைக்கு உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"மச்சான் சொல்லிட்டுதான் சார் போனாரு. ட்ரிப் கட்டியிருக்கு, டேங்கைப் பாத்துக்குங்க மாப்ளன்னு சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

மேனேஜரின் பேனா ஓடியது. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஒன்பது இருபதுக்கு நானே என் வாயால் சொன்னது. அவள் புருஷன் யாருக்காகப் பொய் சொல்கிறார் என்பதும் தெரியும். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார். நான் தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு தடவை, லேசாக. என் கழுத்து அதற்குத் தயாராகக்கூட இருந்தது, அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது? கட்டுப் போட்ட அந்த இரண்டு கைகளும் தலையணை மேல் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் ஆட்ட முடியவில்லை.

"இல்ல சார். நான் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. நாங்க ரெண்டு பேரும் பேசியே பதினாலு மாசம் ஆச்சு. ஜம்பர் போட்டவனும் நான், சொல்லாம போனவனும் நான். இவரு மேல ஒரு தப்பும் கிடையாது."

மேனேஜர் எழுதியதை அடித்தார். அப்போதுதான் மாப்பிள்ளை தலையைத் திருப்பி, அந்த ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தார்.

"காலையில ஆறு மணிக்கு இந்த வாய் எங்க மச்சான் போயிருந்துச்சு?" என்று கேட்டார்.